தோமையார் கல்லறையும் நம்மேல் ஏற்றிய பழியும்

ஒரு நகரத்தின் பழமையை அறிய விரும்புவோர் அங்குள்ள கோட்டைகளையும் அரண்மனைகளையும் மட்டும் கண்டு திரும்புதல் போதாது. அங்குள்ள வழிபாட்டிடங்களையும் கல்லறைகளையும் காணல் வேண்டும். மன்னர் மாளிகைகள் மண்ணோடு மண்ணாகிய பின்னரும் இவை நிலைத்து நிற்பன. காஞ்சி மாநகரை அடுத்து வாழும் முசரவாக்கத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கைலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் இல்லையேல் பல்லவர் வரலாற்றில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது. ஆயினும் கோயில்களுக்குள் சென்று கல்வெட்டைக் கண்ணால் காணும் உரிமை நம் பாட்டனாருக்கு இருந்ததில்லை. 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிய பின்னரே அவ்வுரிமை சட்டத்தால் உறுதியாயிற்று.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் காஞ்சிக் கோயில்களன்று. சென்னை மயிலாப்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பழைய கத்தோலிக்க ஆலயங்களும், அங்குள்ள புனித தோமையார் கல்லறையும் ஆகும். நம் சங்கத்தார் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இதனை அறிதல் நன்று. ஏனெனில் எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலொன்று, அக்கல்லறையைப் பற்றிக் கூறும்போதே ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றியும் ஒரு செய்தி கூறுகிறது. அச்செய்தி நம்மேல் ஏற்றிய பழி. அதனை எவ்வாறு படிப்பது, எவ்வாறு மறுப்பது என்பதை நம் இளைஞர் அறிய வேண்டும்.

கதையும் சான்றும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பழைய இடமொன்றைப் பற்றி நாம் கேட்பன மூவகைப்படும். வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் ஐதிகம் ஒன்று. நூல்களில் எழுதப்பட்ட குறிப்பு மற்றொன்று. கல்லிலும் கட்டடத்திலும் காணும் சான்று மூன்றாவது. இம்மூன்றும் ஒத்துச் செல்லும் இடமும் உண்டு. ஒன்றோடொன்று முரண்படும் இடமும் உண்டு. பக்தர் ஐதிகத்தை நம்பி வணங்குவர். அஃது அவர் உரிமை. வரலாறு கற்பவர் மூன்றையும் தனித்தனியே வைத்து நோக்குவர்; அஃது அவர் கடமை.

இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் கி.பி. 52-ஆம் ஆண்டில் சேர நாட்டுக் கடற்கரையில் இறங்கினார் என்பதும், பின்னர் மயிலைக்கு வந்து சமயம் பரப்பினார் என்பதும், கி.பி. 72-இல் கொல்லப்பட்டு இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் ஐதிகம். இதனை மனத்திற் கொண்டு புறப்படுவோம்.

பரங்கிமலை

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு, தாம்பரம் வழியாகச் சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், பரங்கிமலை நிலையத்தில் இறங்கலாம். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள குன்று அது. தோமையார் உயிர் நீத்த இடம் அதுவே என்பர். பரங்கியர் என்று நம்மவரால் அழைக்கப்பட்ட போர்ச்சுகீசியர் 1523-ஆம் ஆண்டில் அதன் உச்சியில் ஆலயம் எடுத்தனர். மலையேறுவதற்கு ஏறத்தாழ 160 படிகள் உள்ளன. பெத்ரூசு உசுக்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டில் தம் பொருளைச் செலவிட்டு அப்படிகளை அமைத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. அப்பாலம் இருந்த இடத்தில் இன்று நிற்பது மறைமலையடிகள் பாலம்.

மலைமேல் உள்ள ஆலயத்தின் பீடத்தில் கற்சிலுவை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. 1547-ஆம் ஆண்டில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்தது அது. தோமையார் தம் கையால் செதுக்கியது என்பது ஐதிகம். 1558-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் வழிபாட்டின்போது அதிலிருந்து குருதி வியர்த்தது என்றும், 1704 வரை பலமுறை அவ்வாறு நிகழ்ந்தது என்றும் கூறுவர். ஆனால் அச்சிலுவையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருப்பது பாரசீகத்தின் பழைய எழுத்தாகிய பஹ்லவி. (இதனைப் பல்லவர் எழுத்தென்று காஞ்சி வாணர் மயங்கலாகாது.) எழுத்தின் வடிவத்தைக் கொண்டு அது ஏழாம் நூற்றாண்டிற்கும் ஒன்பதாம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டது என்பர் அறிஞர். ஆகவே ஐதிகம் ஒன்று சொல்ல, கல் வேறொன்று சொல்கிறது. தோமையார் செதுக்கினார் என்பதற்குக் கல் சான்றாகவில்லை. எனினும், போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாரசீக வழிபாட்டு மரபைச் சார்ந்த கிறித்தவர் இக்கரையில் வாழ்ந்தனர் என்பதற்கு அதுவே உறுதியான சான்று. ஐதிகம் தளர்ந்த இடத்திலும் வரலாறு செழிக்கும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

சின்னமலையும் சாந்தோமும்

பரங்கிமலையிலிருந்து வடகிழக்கே சைதாப்பேட்டையை ஒட்டி உள்ளது சின்னமலை. தோமையார் பகைவர்க்கு அஞ்சி மறைந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை இங்குண்டு. அதன்மேல் 1551-இல் எழுந்த ஆலயம் ஆரோக்கிய மாதாவுக்கு உரியது. அங்கிருந்து கிழக்கே கடற்கரை நோக்கிச் சென்றால் சாந்தோம். தூய தோமா என்பதற்குரிய போர்ச்சுகீசியச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று.

சாந்தோம் ஆலயம் கல்லறையின்மேல் எழுந்த ஆலயம். இன்று வெண்ணிறமாய் வானளாவி நிற்கும் கட்டடம் பழைமையானதன்று. போர்ச்சுகீசியர் கட்டிய பழைய ஆலயத்தை இடித்துவிட்டு, 1893-இல் தொடங்கி 1896-இல் முடித்த கட்டடம் இது. பவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த அமைப்பு. முகப்புக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 155 அடி. நடுவே மற்றொரு சிறு கோபுரம் உள்ளது; கல்லறை இருக்குமிடத்தைக் குறிப்பது அதுவே. 1956-இல் இவ்வாலயம் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலை பெற்றது. 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் இக்கல்லறைக்கு வந்து வணங்கினார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலயம் புதுப்பிக்கப்பட்டபோது, கல்லறைச் சிற்றாலயத்திற்குத் தனி வழி அமைத்தனர். படியிறங்கிச் சென்று எவரும் அமைதியாக அமர்ந்து வரலாம்.

தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதி மிகப் பழங்காலத்திலேயே மேற்கே எடெசா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகரை அடைந்தன என்பர். எனினும் மயிலைக் கல்லறையின் புகழ் குன்றவில்லை. 883-ஆம் ஆண்டில் ஆல்பிரட் மன்னர் உரோமைக்கும், இந்தியாவிலுள்ள தோமையாருக்கும் காணிக்கை அனுப்பினார் என்று இங்கிலாந்தின் பழைய நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது. 1291-ஐ ஒட்டிச் சீனத்திற்குச் செல்லும் வழியில் மோந்தே கொர்வீனோ யோவான் என்னும் துறவி பதின்மூன்று மாதங்கள் இந்நாட்டில் தங்கினார். அவருடன் வந்த துறவி இங்கே இறந்து, தோமையார் ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார். 1545-இல் பிரான்சிசு சவேரியார் மயிலையில் சில மாதங்கள் தங்கி, இக்கல்லறையருகே வேண்டுதலில் இருந்தார்.

அருகிலுள்ள லஸ் பகுதியில் பிரகாச மாதா ஆலயம் உள்ளது. காட்டுக்கோயில் என்றும் வழங்குவர். அங்குள்ள கல்வெட்டு அது கட்டப்பட்ட ஆண்டை 1516 என்று குறிக்கிறது. புயலில் வழி தவறிய மாலுமிகட்கு ஒளி காட்டிய இடம் என்பது அதன் கதை. லஸ் என்னும் போர்ச்சுகீசியச் சொல்லுக்கு ஒளி என்பதே பொருள்.

மார்க்கோ போலோ எழுதியது

இனி நம் செய்திக்கு வருவோம். வெனிசு நகரத்துப் பயணியாகிய மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டிப் பாண்டியர் ஆட்சியிலிருந்த தமிழகக் கரைக்கு வந்தார். நாடு திரும்பிச் செனோவா நகரச் சிறையில் இருந்தபோது, 1298-இல் தாம் கண்டதையும் கேட்டதையும் உடனிருந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார். தோமையார் கல்லறை வணிகர் அதிகம் வாராத ஒரு சிற்றூரில் உள்ளது என்றும், கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே அங்கு யாத்திரை வருகின்றனர் என்றும் அவர் கூறுகிறார். அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சலுற்றோர்க்கு நீரில் கலந்து கொடுப்பர் என்றும் எழுதுகிறார். சமயம் கடந்து மக்கள் கூடிய இடம் என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

ஆனால் அதே நூலில் கோவி என்னும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்கிறார். மற்றவர் மாட்டிறைச்சி உண்ணார். இவர்கள் மாட்டைக் கொல்லத் துணியார், ஆயினும் இறந்த மாட்டின் இறைச்சியை உண்பர் என்கிறார். தோமையாரைக் கொன்றவர்கள் இவர்களுடைய முன்னோரே என்றும், ஆதலால் இக்கூட்டத்தாருள் ஒருவரும் அவர் உடல் கிடக்கும் இடத்தில் நுழைய இயலாதென்றும், பத்துப் பேர் இருபது பேர் சேர்ந்து பிடித்துத் தள்ளினாலும் அது நடவாதென்றும் எழுதுகிறார். கோவி என்னும் சொல் எதனைக் குறித்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அவர் தரும் வருணனையைப் படிக்கும் நமக்கு அம்மக்கள் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. இறந்த மாட்டை அகற்றும் வேலையையும் சுமத்தி, அதனை உண்டதற்காக இழிவையும் சுமத்திய வழக்கத்தை நம் ஊர்ப் பெரியோர் அறிவர்.

இப்போது, முன்னர்க் கூறிய முறைப்படி சான்றுகளை ஒன்றோடொன்று வைத்து நோக்குவோம்.

முதலாவது, அதே மார்க்கோ போலோவின் நூலிலேயே தோமையார் இறந்த விதம் சொல்லப்படுகிறது. அவர் காட்டில் தம் குடிலுக்கு வெளியே வேண்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன. கோவி வேடன் ஒருவன் மயிலைக் குறி வைத்து எய்த அம்பு, அவனறியாமல் துறவியின் வலப்பக்கத்தில் பாய்ந்தது என்பது அவர் கேட்ட கதை. கதைப்படியே அது கொலையன்று, தற்செயல். ஒருவன் அறியாது செய்த பிழைக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் வாயிலுக்கு வெளியே நின்றதென்றால், அஃது எந்த நீதியின்பாற்படும்?

இரண்டாவது, மார்க்கோ போலோவுக்கு ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட நூல் ஒன்று உளது. சிரிய மொழியில் மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்பது அது. அதில் வேடனும் இல்லை, மயிலும் இல்லை. மசுதை என்னும் அரசனின் ஆணைப்படி நான்கு படைவீரர் தோமையாரை மலைக்கு அழைத்துச் சென்று ஈட்டியால் குத்திக் கொன்றனர் என்று அந்நூல் கூறுகிறது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துக் குறிப்பின்படி, கொலைக்குக் காரணம் அரச ஆணை.

மூன்றாவது, போர்ச்சுகீசியர் காலத்தில் பரவிய கதை, பிராமணர் ஒருவர் ஈட்டியால் குத்தினார் என்று சொல்கிறது. ஆக, முதலில் அரசன்; பின்னர் வேடன்; அதன்பின் பிராமணர். காலம் மாற மாறக் குற்றவாளியும் மாறுகிறான். சொல்பவர் எவரோ, அவர் விரும்பாதவர் மேல் பழி விழுகிறது. எந்தச் சாதியார் மேலும் இவ்வாறு பழி ஏற்றுதல் வரலாறு ஆகாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? கோவி மக்கள் தோமையாரைக் கொன்றனர் என்பதற்கு இக்குறிப்பு சான்றாகாது. ஆனால் 1290-களில் இக்கரையில் ஒரு கூட்டத்தாரைப் புனித இடங்களுக்கு அப்பால் நிறுத்தும் வழக்கம் இருந்தது என்பதற்கு இக்குறிப்பு வலிய சான்றாகும். விலக்கு முன்னதாகவும், காரணம் பின்னதாகவும் தோன்றியிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. ஒருவரை வெளியே நிறுத்துவோர், தாம் நிறுத்தினோம் என்று சொல்லார். தெய்வமே தடுத்தது என்பர். தில்லையில் நந்தனார் தீயில் மூழ்கிய பின்னரே உள்ளே புகுந்தார் என்னும் கதையையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொன்ன கதையை அப்படியே ஏற்காமல் திருப்பிக் கேட்கும் முறையை நமக்குக் கற்பித்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). மயிலைக்கு அண்மையிலுள்ள இராயப்பேட்டையிலிருந்து 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ், நந்தன் கதையையும் அவ்வாறே கேள்விக்கு உட்படுத்தியது.

ஆலயத்திற்குள் எழுந்த சுவர்

கிறித்தவம் பரவிய பின் இவ்விலக்கு மறைந்ததோ எனின், இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் தமிழில் பெரும் புலமை பெற்றவர். உரைநடை நூல்கள் பல எழுதியவர். ஆயினும் உயர் சாதியாரைச் சேர்ப்பதற்காகச் சாதிப் பிரிவினையை ஏற்றுக்கொண்டார். ஒடுக்கப்பட்டவர்க்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிக் குருமார் 1640-இல் அமைந்தனர். தெ நொபிலி தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1656-இல் உயிர் நீத்த ஊரும் மயிலையே. சமயம் மாறினும் இருக்கை மாறவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரு கூறாகவே ஆலயம் கட்டப்பட்டது. 1910-இல் அங்கிருந்த தடுப்பு நீக்கப்பட்டது. அதனைத் திரும்ப அமைக்க வேண்டுமென்று வழக்குத் தொடுத்தவர்கட்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை.

சுவர்கள் கல்லறைத் தோட்டங்களிலும் எழுந்தன. இறந்தவர்க்கும் சாதி பார்த்த அவலம் அது. 2003 நவம்பரில் சென்னை-மயிலை மாநில ஆயர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவரிடையே சாதிப் பிரிவினை தோன்றும் எவ்விடத்தும் அது மனித ஒற்றுமைக்கு எதிரானது என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நோயுண்டு என்று ஒப்புதல் மருந்தின் முதல் வேளை. முழு மருந்து அன்று.

நற்செய்தியும் உண்டு. தென்கோடியில் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் மற்றொரு கல்லறை உள்ளது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராய் இருந்து, 1745-இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயத்தின் கல்லறை அது. தாழ்த்தப்பட்டோரோடு கலந்துண்டு பழகியது அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிய சாதிப்பட்டம் நீக்கப்பட்டது. மக்கள் விண்ணப்பம் செய்து பெற்ற மாற்றம் அது. அதே ஆண்டு ஆகத்து 27-ஆம் நாள் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் குலத்தில் பிறந்து அப்பதவி பெற்ற முதல்வர் அவர்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

மயிலைக் கல்லறையின் வாயிலில் இன்று எவரும் எவரையும் தடுப்பதில்லை. இருபது பேர் தள்ளினாலும் நுழைய இயலாது என்று எழுதப்பட்ட இடத்தில், நாம் நம் கால்களாலேயே நடந்து நுழைகிறோம். ஆனால் வெறுங்கையோடு நுழைதல் போதாது. குறிப்பேடும் எழுதுகோலும் கையில் இருக்கட்டும். எங்கு சென்றாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இங்குச் சொல்லப்படுவது ஐதிகமா, நூற்குறிப்பா, கற்சான்றா? அது தோன்றிய ஆண்டு எது? எவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எவர் பெயர் விடுபட்டுள்ளது? ஒரு காலத்தில் இவ்வாயிலுக்கு வெளியே நின்றவர் யார். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? படிகளை அமைத்த வணிகர் பெயரை அறிவோம். கோபுரத்தை வகுத்த பொறியாளர் பெயரை அறிவோம். கல்லும் சுண்ணாம்பும் சுமந்து ஏறியவர் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியாது. அவர்களுள் நம்மவர் இல்லாதிருக்க இயலுமா?

இக்கேள்விகளைக் காஞ்சிக் கோயில்களிலும் கேட்கலாம். நம் ஊர் இடுகாட்டிலும் கேட்கலாம். நம் பெரியோர் துயிலும் மேட்டில் கல்லில்லை, எழுத்தில்லை. இன்னார் இன்ன இடத்தில் கிடக்கிறார் என்பதைச் சொல்லத் தெரிந்த முதியவர் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களிடம் சென்று பெயர், தந்தை பெயர், செய்த தொழில், இறந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுமாறு நம் சங்கத்து மாணவர்களை வேண்டிக்கொள்கிறேன். கோவி மக்கள் தம் கதையைத் தாமே எழுதும் வாய்ப்பைப் பெற்றிலர்; அதனால் வழிப்போக்கர் ஒருவர் கேட்டெழுதியதே அவர்தம் வரலாறாய் நின்றுவிட்டது. நமக்கு எழுத்து உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் பாடுபட்டதும் அதற்காகவே.